இதயத் தசையும் உடலுழைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

உழைப்பால் உயர்ந்த சமுதாயம் என்று நம்மை நாமே பெருமையுடன் கூறிக்கொள்வதுண்டு. அக்கூற்றில் மிகையில்லை. காட்டை அழித்துத் தோட்டமாக்கியதும், சேற்று நிலத்தில் தண்டவாளம் பதித்ததும், கப்பலிலிருந்து மூட்டை இறக்கியதும் நம் முன்னோரின் தோள்களே. ஆகவே, உடலுழைப்பு நன்மையே தரும், அது ஒருபோதும் தீங்கு செய்யாது என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஆழ வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. ஓடியாடித் திரிந்த இளைஞன் ஒருவன் திடலிலேயே சரிந்து விழுந்து உயிர்விட்டான் என்னும் செய்தி வரும்போதுதான் அவ்வெண்ணம் சற்றே அசைகிறது. 'விதி முடிந்தது' என்கிறோம், 'கண்ணேறு பட்டது' என்கிறோம், சில நாள் அழுகிறோம், பின்னர் மறந்துவிடுகிறோம்.

இத்தகைய மரணங்களுள் ஒரு பகுதிக்கு விதி காரணமன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேரும் இதயத் தசை நோயே காரணம் என்பதை மருத்துவ உலகம் கண்டறிந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்நோய் உடையவர் உடற்பயிற்சி செய்யலாமா, கூடாதா? செய்யலாம் எனில் எவ்வளவு செய்யலாம்? இவ்வினாக்களுக்கு மருத்துவர்கள் அளித்துவந்த விடை என்றும் ஒரே நிலையில் நின்றதில்லை. அது அறியாமையில் தொடங்கியது. அச்சத்தால் தடையாக இறுகியது. இன்று ஆராய்ந்து வகுக்கும் அளவாகக் கனிந்திருக்கிறது. அவ்வரலாற்றை எடுத்துரைத்து, அது நம் குடும்பங்களிடம் எதிர்பார்க்கும் கடமை யாது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகம் கற்பித்த பாடம்

போர்ட் கிள்ளானிலிருந்தே தொடங்குவோம். 1901-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயருடன் திறக்கப்பட்ட இத்துறைமுகம், 1972-இல் இன்றைய பெயரைப் பெற்றது. திறந்த புதிதில் இதனை மூடிவிட வேண்டியதுதானோ என்று அரசினர் அஞ்சும் அளவிற்கு மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. காய்ச்சலால் மாண்டவர்களின் சாவும் அந்நாளில் விதியின் கணக்கிலேயே எழுதப்பட்டது. ஆனால், கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றினை 1897-இல் செகந்திராபாத்தில் டாக்டர் ரொனால்ட் ராஸ் கண்டிருந்தார். 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், அவ்வறிவைத் துணைக்கொண்டு சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்தார். காய்ச்சல் தணிந்தது, துறைமுகம் பிழைத்தது. காரணம் தெரியாத வரையில் விதியாக இருந்த ஒன்று, காரணம் தெரிந்த பின்னர் வாய்க்கால் வெட்டித் தடுக்கக்கூடிய ஒன்றாக மாறிற்று. இவ்வட்டாரம் மருத்துவ வரலாற்றுக்கு அளித்த இப்பாடத்தை நாம் மறத்தலாகாது.

காய்ச்சல் தணிந்த துறைமுகத்தில் உழைப்பு பெருகியது. அரிசி மூட்டையும், ரப்பர்க் கட்டும், ஈயமும் மனிதத் தோள்களிலும் முதுகுகளிலும் ஏறி இறங்கின. தென்னிந்தியத் தொழிலாளர் அப்பணியில் பெரும் பங்கு கொண்டனர். 1973-இல் இங்குக் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. அதன் பின்னர்ப் படிப்படியாக மூட்டை சுமந்த தோள்களின் இடத்தைப் பாரந்தூக்கிகள் பிடித்துக்கொண்டன. சுமை குறைந்தது நன்மையே. ஆயின், உழைப்பு குறைந்த உடலுக்கு என்ன நேர்ந்தது?

இவ்வினாவுக்கான விடையும் ஒரு துறைமுகத்திலிருந்தே கிடைத்தது என்பது சுவையான செய்தி. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த டாக்டர் ரால்ப் பாஃபன்பர்கரும் அவருடைய துணைவர்களும் 1975-இல் தம் முடிவை வெளியிட்டனர். கடுமையாகச் சுமை கையாண்டவர்கள் இதயக் குழாய் நோயால் இறக்கும் விகிதம், எளிய பணி செய்தவர்களின் விகிதத்தில் ஏறத்தாழப் பாதியளவே இருந்தது. அதற்கு முன்பே, 1953-இல், லண்டன் மாடிப் பேருந்துகளை ஆராய்ந்த டாக்டர் ஜெரமி மாரிஸ், நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு அந்நோய் குறைவாக இருந்ததைக் காட்டியிருந்தார். உழைக்கும் இதயமே உறுதியான இதயம் என்னும் உண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

எனினும், ஒன்றை இங்கே கருத்தில் கொள்ளவேண்டும். இவ்வாய்வுகள் இதயக் குழாய் அடைப்பைப் பற்றியவை. இதயத்தின் தசையே பிறவி மரபால் மாறுபட்டிருப்பவர்களின் நிலை வேறு. அதே ஆண்டுகளில் மற்றொரு பக்கத்தில் அவர்களைப் பற்றிய வரலாறும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அது தொழிற்களத்தில் அன்று, பிணவறையில்.

லண்டன் பிணவறையில் கிடைத்த விளக்கம்

லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் நோய்க்கூற்று மருத்துவராக இருந்தவர் டாக்டர் டொனால்ட் டேர். திடீர் மரணங்களை ஆராய்வதில் பெயர்பெற்றவர். நடிகர் புரூஸ் லீ 1973-இல் மறைந்தபோது, ஹாங்காங்கில் நடைபெற்ற விசாரணையில் சாட்சியம் அளித்தவரும் இவரே. 1958-இல் இவர் வெளியிட்ட ஒரு கட்டுரை இதய மருத்துவத்தில் புதிய அதிகாரத்தைத் தொடங்கிவைத்தது. அதில் இளவயதினர் 8 பேரின் இதயங்களை அவர் வருணித்திருந்தார். அவர்களுள் பெரும்பாலோர் முன்னறிவிப்பு ஏதுமின்றித் திடீரென மாண்டவர்கள். இதயத்தின் இரு கீழறைகளுக்கும் நடுவேயுள்ள இடைச்சுவர் மட்டும் அவர்களிடம் மிகையாகத் தடித்திருந்தது. நுண்ணோக்கியால் பார்த்தபோது, நெற்கதிர்க் கட்டுப்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய தசை நார்கள், காற்றில் சிதறிய வைக்கோல்போல் தாறுமாறாகக் கிடந்தன.

பின்னாளில் 'ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி' என்று பெயர்பெற்ற இந்நோயைத் தமிழில் இதயத் தசைத் தடிப்பு நோய் எனலாம். உடலுழைப்பின்போது அது எவ்வாறு கேடு விளைவிக்கிறது என்பதைச் சுருங்கக் காண்போம். தடித்த இடைச்சுவர் சிலரிடம் குருதி வெளியேறும் வழியை நெருக்குகிறது. இதயம் விரைந்து துடிக்குந்தோறும் அந்நெருக்கம் மிகுகிறது. வியர்த்து உடலில் நீர் குறைந்தாலும் மிகுகிறது. ஓடியவன் சட்டென்று நின்றாலும் மிகுகிறது. அப்போது மூளைக்குச் செல்லும் குருதி குறைந்து மயக்கம் நேரலாம். இஃது ஒரு வழி. தாறுமாறான தசை நார்களும் அவற்றிடையே தோன்றும் தழும்பும் இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைத்துவிடுவது மற்றொரு வழி. உடல் கடுமையாக வருந்தும்போதும் மனம் கொதிக்கும்போதும் சுரக்கும் அட்ரினலின், குலைந்த மின்னோட்டத்திற்குத் தூபமிடுகிறது. அப்போது கீழறை துடிப்பதை விடுத்து நடுங்கத் தொடங்குகிறது. சில நிமிடங்களுக்குள் அதனை மீட்காவிடின் உயிர் நில்லாது.

இந்நோய்க்கு அறுவை மருத்துவம் கண்டவர்களுள் முதன்மையானவர், அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் அறுவை மருத்துவர் ஆண்ட்ரூ மாரோ. தடித்த சுவரின் ஒரு பகுதியைச் செதுக்கி எடுக்கும் முறையை அவர் 1960-களில் வளர்த்து, பலரை வாழவைத்தார். அவருக்கும் அதே நோய் இருந்தது. அவர் 1982-இல் அந்நோயாலேயே மறைந்தார். நோயின் பெயர் கேட்டு மனம் ஒடிந்து போகிறவர்களுக்கு, அந்நோயோடு வாழ்ந்துகொண்டே பிறர் உயிரைக் காத்த அம்மனிதரின் வாழ்வு ஓர் ஆறுதலாகும்.

'சாபம்' என்று அழைக்கப்பட்ட மரபு

டேரின் கட்டுரை வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்குள், அவர் ஆராய்ந்தவர்களுள் ஒருவரின் குடும்பத்தை டாக்டர் ஜான் குட்வின் முதலியோருடன் சேர்ந்து அவரே ஆராய்ந்தார். நோய் குடும்பத்தில் தொடர்வது 1960-இல் வெளியாயிற்று. மறு ஆண்டில், கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த கோட்டிகுக் என்னும் ஊரிலிருந்து மற்றொரு குடும்பத்தின் வரலாறு வெளிவந்தது. அக்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளவயதினர் திடீரென மாண்டனர். ஊரார் அதனைக் 'கோட்டிகுக் சாபம்' என்றே அழைத்துவந்தனர்.

சாபம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. நம்மிடையேயும் ஒரு வீட்டில் இளம்பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், முன்னோர் செய்த தீவினையென்றும், குலதெய்வத்தின் சினமென்றும் கூறுவோர் உளர். ஆனால், கோட்டிகுக் குடும்பத்தார் மருத்துவர்களுக்குத் தம் கதையை மறையாமல் சொன்னார்கள், குருதி கொடுத்தார்கள். அக்குடும்பத்தின் துணையினால்தான் 1990-இல் பாஸ்டன் நகரில் கிறிஸ்டின் சைட்மனும் ஜோனதன் சைட்மனும் அவர்தம் குழுவினரும் இந்நோய்க்குக் காரணமான முதல் மரபணுப் பிழையைக் கண்டறிந்தனர். இதயத் தசையைச் சுருங்கி விரியச் செய்யும் மயோசின் என்னும் புரதத்தின் மரபணுவில் அப்பிழை இருந்தது. 1995-இல் மயோசினுடன் இணையும் மற்றொரு புரதத்தின் மரபணுவும் இந்நோயுடன் தொடர்புடையதென அறியப்பட்டது. அதற்குப் பின்னர் மேலும் பல மரபணுக்கள் வெளிப்பட்டன. சாபம் எனப்பட்டது ஓர் எழுத்துப் பிழையாக முடிந்தது.

அப்பிழை பெற்றோருள் ஒருவரிடம் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆணென்றும் பெண்ணென்றும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. பிழையைப் பெற்றவர் அனைவரும் நோயாளியாவதும் இல்லை. ஒரே வீட்டில் தமையனுக்குச் சுவர் தடித்திருக்க, தங்கைக்கு முதுமை வரையில் யாதொரு குறியும் தோன்றாமலிருக்கலாம். 500 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பலர் நெடுநாள் வாழ்கின்றனர் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்லுதல் வேண்டும்.

தடையின் காலம்

திடீர் மரணத்திற்கும் விளையாட்டிற்கும் உள்ள தொடர்பை உலகம் உணரத் தொடங்கியது 1980-இல். இளம் விளையாட்டு வீரர் 29 பேரின் திடீர் மரணங்களை ஆராய்ந்த டாக்டர் பேரி மேரன் முதலியோர், அவர்களுள் 14 பேருக்கு இதயத் தசைத் தடிப்பு நோய் இருந்ததாக வெளியிட்டனர். திடலில் மிக வலியவனாகக் காணப்பட்டவனின் நெஞ்சுக்குள்ளேயே நோய் ஒளிந்திருந்தது என்னும் செய்தி மருத்துவர்களை நடுங்கச் செய்தது.

சிக்கல் இன்னொன்றும் இருந்தது. இடைவிடாப் பயிற்சியினால் வீரர்களின் இதயம் இயல்பாகவே சற்றுப் பெருப்பதுண்டு. சுவீடனைச் சேர்ந்த டாக்டர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சைத் தட்டிப் பார்த்தே 1899-இல் இதனைக் கண்டு கூறினார். பயிற்சியால் வளர்ந்த இதயத்தையும் நோயால் தடித்த இதயத்தையும் பிரித்தறிவது எளிதன்று. எக்கோ எனப்படும் ஒலியலைச் சோதனை பரவிய பின்னரே அது பெருமளவு கைகூடிற்று.

இந்நிலையில் மருத்துவர்கள் பாதுகாப்பான பக்கத்தையே தேர்ந்தனர். 1982-இல் இத்தாலி, போட்டி விளையாட்டில் இறங்கும் ஒவ்வொருவரும் மருத்துவச் சோதனை செய்துகொள்ள வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. 1985-இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் கூடிய இதய வல்லுநர் மாநாடு, இந்நோய் உடையவர்கள் ஏறத்தாழ எல்லாப் போட்டி விளையாட்டுகளிலிருந்தும் விலகுதல் வேண்டுமென்றது. 1994-இலும் 2005-இலும் அவ்விதி மீண்டும் உறுதி செய்யப்பட்டது. கடும் போட்டிகளைத் தவிர்ப்பதோடு, மெல்ல நடப்பதற்கும் அஞ்சும் வழக்கம் நோயாளிகளிடம் பரவியது.

அவ்வச்சத்திற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 2003-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், பிரான்சின் லியோன் நகரில் கேமரூனும் கொலம்பியாவும் மோதிய காற்பந்தாட்டத்தின் 72-ஆம் நிமிடத்தில், 28 வயதே ஆன கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ நடுத்திடலில் தனியே சரிந்து விழுந்தார். அவரை மீட்க இயலவில்லை. சவப் பரிசோதனை இதயத் தசைத் தடிப்பைச் சுட்டியது. தொலைக்காட்சியில் அதனைக் கண்ட கோடிக்கணக்கான மக்களுள் நம் நாட்டுக் காற்பந்து அன்பர்களும் இருந்தனர். அப்படங்கள் அவர்கள் மனத்தைவிட்டு எளிதில் அகன்றிரா.

நம் குருதியில் ஒரு குறிப்பு

இவையெல்லாம் அயலார் கதை, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டா. 2003-இல் இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வில், மயோசினுடன் இணையும் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது கண்டறியப்பட்டது. அதனைப் பரந்த அளவில் ஆராய்ந்தவர்களுள் முன்னின்றவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த தமிழர், டாக்டர் பெருந்துறை தண்டபாணி. ஐதராபாத் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த டாக்டர் தங்கராஜ் முதலியோருடன் இணைந்து 2009-இல் அவர் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்து வழிவந்த மக்களுள் 100 பேரில் ஏறத்தாழ 4 பேரிடம் இவ்விடுபாடு காணப்பட்டது. துணைக்கண்டத்திற்கு அப்பால் உலக மக்களிடையே தேடியபோது, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் மாதிரிகளில் அஃது இருந்தது. பிற பகுதிகளில் காணப்படவில்லை. சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன்னர்த் தோன்றிய பிழை இது என ஆய்வாளர் கணித்தனர். கடல் கடந்த மனிதர்கள் மொழியையும் தெய்வத்தையும் சுமந்து சென்றதுபோல், தாம் அறியாமலே இதனையும் சுமந்து சென்றனர் போலும்!

இச்செய்தியைக் கேட்டு அஞ்சுவதற்கு முன்னர் அடுத்த பகுதியையும் கேட்டல் வேண்டும். அறிவியல் தன் முடிவைத் தானே திருத்திக்கொள்ளும் இயல்புடையது. அமெரிக்காவில் வாழும் தெற்காசியரை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வும், 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வும், இவ்விடுபாடு மட்டும் இருப்பவர்களைவிட, அதனுடன் அதே மரபணுவின் மற்றொரு மாற்றமும் சேர்ந்து வந்தவர்களிடமே மிகுதியான கேடு காணப்படுவதைச் சுட்டின. ஆகவே, விடுபாட்டைச் சுமக்கும் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். மரபு ஓர் எச்சரிக்கை, அது தீர்ப்பன்று. நம் இனத்திற்கே இதயம் கெட்டது என்று எவரேனும் கூறின் அது பிழை. நமக்கு இதில் சிந்திக்க ஒன்றுமில்லை என்று கூறின் அதுவும் பிழையே.

தடை அளவாக மாறிய கதை

தடை விதித்தவர்கள் நல்லெண்ணத்தினாலேயே விதித்தார்கள். ஆயினும், ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தடையின் மறுபக்கம் புலனாயிற்று. அசையாதிருந்த நோயாளிகளின் உடல் பருத்தது. குருதியழுத்தமும் நீரிழிவும் கூடின. இதயக் குழாய் நோயும் வந்து சேர்ந்தது. தசை நோயிலிருந்து காக்க எண்ணிக் குழாய் நோயின் கையில் ஒப்படைத்ததுபோல் ஆயிற்று. துறைமுகத் தொழிலாளர் ஆய்வு கற்பித்த உண்மை இவர்களுக்கும் ஒரு பங்கு பொருந்தும் என்பதை மருத்துவர்கள் எண்ணத் தலைப்பட்டனர்.

2017-இல் ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவு வெளிவந்தது. இதயத் தசைத் தடிப்புடைய 136 பேர் அதில் பங்கு கொண்டனர். ஒரு சாரார் 16 வாரங்கள் மிதமான பயிற்சி செய்தனர்; மறு சாரார் வழக்கம்போல் இருந்தனர். பயிற்சி செய்தவர்களின் உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் திறன் சிறிதளவு உயர்ந்தது. உயிருக்கு ஊறு எதுவும் நேரவில்லை. 2020-இல் அமெரிக்க இதய அமைப்புகள் வெளியிட்ட நெறிமுறை, இந்நோயாளிகளுள் பெரும்பாலோர்க்கு மெல்லிய, மிதமான உடற்பயிற்சி நன்மை தருவதென்று வெளிப்படையாகக் கூறியது.

2023-இல் டாக்டர் ரேச்சல் லாம்பர்ட் முதலியோர் மேலும் ஒரு படி சென்றனர். நோயுடையோரும், நோய் வெளிப்படாமல் மரபணுப் பிழை மட்டும் உடையோருமாக, 8 முதல் 60 வயது வரையிலான 1,660 பேரை அவர்கள் மூன்றாண்டுகள் கவனித்தனர். கடும் பயிற்சி செய்தவர்களிடையே மரணமும் ஆபத்தான துடிப்புக் கோளாறும் பிறரைவிட மிகுதியாக நேரவில்லை. 2024-இல் வந்த நெறிமுறை, தேர்ந்த வல்லுநரிடம் ஆண்டுதோறும் சோதித்துக் கலந்துபேசிய பின்னர்ச் சிலர் கடும் பயிற்சியிலும் ஈடுபடலாமென இடமளித்தது.

இதனைப் படித்துவிட்டு, 'இனி ஓடலாம்' என்று எவரும் நாளைக் காலையே புறப்பட்டுவிடலாகாது. அவ்வாய்வில் இருந்தவர்கள் நோய் இன்னதென்று அறிந்தவர்கள். தேர்ந்த மருத்துவர்களின் பார்வையில் இருந்தவர்கள். தேவையானோர் மருந்தும் கருவியும் பெற்றவர்கள். அறியாமல் ஓடுவது வேறு. அறிந்து ஓடுவது வேறு.

மேலும், பரம்பரை இதயத் தசை நோய்கள் அனைத்தும் ஒரு தன்மையவல்ல. வலக் கீழறைத் தசை படிப்படியாக நலிந்து கொழுப்பும் தழும்புமாக மாறும் வகை ஒன்றுண்டு. இளவயதினரின் திடீர் மரணத்தில் அதற்குள்ள பங்கை இத்தாலியின் பாதுவா நகர மருத்துவர்கள் 1988-இல் வெளிப்படுத்தினர். நெடுந்தூர ஓட்டம் போன்ற கடும் பயிற்சி இந்நோயை விரைவில் முற்றச் செய்கிறது என்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஆகவே, இவ்வகை நோயாளிக்குப் பழைய தடை பெரிதும் தளராமலே நிற்கிறது. ஒருவருக்கு மருந்தாகும் ஓட்டம் மற்றொருவருக்கு நஞ்சாகிறது. எந்த நோய் என்று தெரியாமல் எந்தப் பயிற்சி என்று கூறல் இயலாது.

நாம் செய்யத்தக்கவை

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயுற்றவனின் நிலை, நோயின் நிலை, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செயற்படுமாறு மருத்துவனைப் பணிக்கிறது. 2024-ஆம் ஆண்டின் நெறிமுறையும் ஏறத்தாழ அதனையே சொல்கிறது. அம்மூன்றையும் மருத்துவர் எண்ண வேண்டுமாயின், அவரிடம் நாம் உண்மையைச் சொல்லியிருத்தல் வேண்டும்.

முதலாவது, குடும்ப வரலாறு. 50 வயதிற்குள் திடீரென மாண்டவர், காரணமின்றி நீரில் மூழ்கியவர், ஓட்டத்தின் நடுவே மயங்கியவர் எவரேனும் நம் வீட்டில் உண்டா? இருப்பின், மற்றவர்கள் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்ளுதல் நலம். ஒருவருக்கு நோய் உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் சோதித்தல் வேண்டும். ஒருமுறை சரியாக இருந்ததென்று விட்டுவிடலாகாது. வளரும் பிள்ளைகளிடம் தடிப்புப் பின்னர்த் தோன்றுவதும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு இவ்வகையில் பெரிய குறையில்லை. 1992-இல் தொடங்கப்பட்ட தேசிய இருதயக் கழகம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது.

தடையாக நிற்பது பெரும்பாலும் தொலைவன்று, நம் வாயடைப்பே. பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்கு வேலை கிடைக்காது என்று அஞ்சி, பெரியப்பாவின் மரணத்தை 'மாரடைப்பு' என்ற ஒரு சொல்லில் மூடிவிடுகிறோம். மூடிய அச்சொல்லுக்குள் அடுத்த தலைமுறையின் உயிர் சிக்கிக்கொண்டிருக்கக்கூடும். மறைத்து நடத்திய திருமணத்தைவிட, உரைத்து நடத்திய திருமணமே உறுதியானது. கோட்டிகுக் குடும்பத்தார் பேசினார்கள். அதனால் உலகம் பயன் பெற்றது. நாம் நம் பிள்ளைகளிடமாவது பேசுவோமே!

இரண்டாவது, உடல் தரும் எச்சரிக்கை. ஓடும்போதோ படியேறும்போதோ மயக்கம், நெஞ்சுவலி, ஒத்த வயதினர்க்கு இல்லாத மூச்சுத்திணறல், படபடப்பு ஆகியவை தோன்றினால், அன்றே நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும். 'சோம்பேறி, சாக்குச் சொல்கிறான்' என்று பிள்ளையை மீண்டும் ஓடவிடும் பெற்றோரும் பயிற்சியாளரும் இதனை நெஞ்சில் பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது, அளவு. நோயுள்ளதென்று அறிந்தவர்க்கு மருத்துவர் வகுத்த எல்லையே எல்லை. பொதுவாக, அருகில் வருபவருடன் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் மிதமான வேகம் எனப்படும். மெல்லத் தொடங்கி மெல்ல முடித்தல் வேண்டும். விரைந்து ஓடிச் சட்டென நிற்றல் கூடாது. மூச்சை அடக்கிப் பெரும் எடை தூக்குவதைத் தவிர்த்தல் நன்று. நம் நாட்டு வெப்பத்தில் வியர்வை மிகுதி. நண்பகல் வெயிலையும் நீர் அருந்தாத பயிற்சியையும் விலக்குதல் வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் ஓய்வே மருந்து. தைப்பூசத்தன்று நோன்பிருந்து காவடி சுமந்து பத்துமலையின் 272 படிகளை ஏறுவதும் கடும் உடலுழைப்பே. நேர்த்திக்கடன் உள்ளவர் அதனை எவ்வாறு நிறைவேற்றலாம் என்பதையும் மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். விளையாட்டைப் போன்றதே தொழிலும். பாரம் தூக்கும் வேலையில் இருப்பவர் மருத்துவரிடம் தம் பணி இன்னதென்று விளங்கச் சொல்லுதல் வேண்டும்.

நான்காவது, உடனிருப்போர் கடமை. 1980-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், டாக்டர் மிஷெல் மிரோவ்ஸ்கியின் குழுவினர் இதயத் துடிப்பை மீட்கும் சிறு கருவியை முதன்முதலாக ஒரு மனித உடலுக்குள் பொருத்தினர். ஆபத்து மிகுதியாக உள்ளவர்களை இன்று அக்கருவி காக்கிறது. வெளியில் வைத்துப் பயன்படுத்தும் ஏ.இ.டி. கருவி பொது இடங்களில் வைக்கப்படுகிறது. 2021-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் கோப்பன்ஹேகன் திடலில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்தபோது, உடனே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து அவரை மீட்டனர். ஃபோவுக்கும் எரிக்சனுக்கும் இடைப்பட்ட 18 ஆண்டுகளில் உலகம் கற்ற பாடம் அது. நம் ஆலயங்களும், தமிழ்ப்பள்ளிகளும், விளையாட்டுக் கழகங்களும் நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் பயிற்சியைத் தம் உறுப்பினர்க்கு அளித்தல் வேண்டும். அதற்கு ஒரு நாள் பொழுதே போதும்.

முடிவுரை

மலேரியாவைத் துறைமுகத்தின் விதியென்று விட்டிருந்தால் போர்ட் கிள்ளான் இன்று இருந்திராது. கொசுவை அறிந்தோம்; சதுப்பை வடித்தோம். இதயத் தசை நோயின் காரணமும் இன்று அறியப்பட்டுவிட்டது. மருத்துவர்கள் முதலில் அறியாமல் விட்டனர். பின்னர் அஞ்சித் தடுத்தனர். இப்போது அளந்து கொடுக்கின்றனர். அவர்கள் அளந்து கொடுக்க வேண்டுமாயின், நாம் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். உழைப்பை விட்டுவிடுங்கள் என்று உழைத்துயர்ந்த சமுதாயத்திற்கு எவரும் சொல்லவில்லை. நம் இதயத்தை அறிந்து உழைப்போம் என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி. இன்றிரவு உணவுக்குப் பின்னர், நம் வீட்டு முதியவர்களிடம் அமர்ந்து, நம் முன்னோர் எவ்வெவ்வாறு மறைந்தனர் என்று கேட்டு எழுதி வைப்போமாக. அவ்வொரு தாள், நம் பேரப்பிள்ளைகளுள் ஒருவனின் உயிரைக் காக்கக்கூடும்.